நெட்டையனும் குட்டையனும்

பெயிண்ட் கம்பெனியில் அவளுக்குப் பட்டப்பெயர் ஷேடுக்காரி. யாராவது பழைய சுவர்ச் சில்லு ஒன்றையோ, இடிபட்ட கார்க் கதவையோ கொண்டுவந்து "இதே நிறம் வேணும்" என்றால், அந்த நிறத்தை டப்பாவுக்குள் வரவழைப்பது அவள் வேலை. மற்றவர்கள் வெள்ளை என்று சொல்லிவிட்டு நகர்கிற இடத்தில் அவள் நின்று, "இதுல ஒரு சொட்டு மஞ்சள் ஜாஸ்தி" என்பாள். இயந்திரத்தில் வைத்துப் பார்த்தால் அந்த மஞ்சள் இருக்கும். அவளோடு துணிக்கடைக்குப் போக அந்தக் கம்பெனியில் ஒருத்திக்கும் பொறுமை கிடையாது.

அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு, தன் வீட்டுக்குள் நடந்த ஒன்றை அவள் எட்டு வருஷம் பார்க்காமல் இருந்தாள். அதை நினைத்தால் யாருக்கும் எரிச்சல் வரும். எனக்கும் வருகிறது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உயரமாக நிற்கிற கட்டடங்களில் பாதிக்கு அவன் பையில் சாவி இருக்கும். நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தவன். யார் கூப்பிட்டாலும் போவான், யார் கேட்டாலும் கொடுப்பான், "முடியாது" என்று சொல்ல அவனுக்கு வாயே வராது. கல்யாணமான புதிதில் அவளுக்கு அவனிடம் பிடித்ததே அதுதான்.

பிள்ளைக்காக வருஷக்கணக்கில் டாக்டர், ஸ்கேன், ஊசி என்று அலைந்தார்கள். ஒருநாள் இருவருமாகச் சேர்ந்து, போதும் என்று நிறுத்தினார்கள். அழுது முடித்துவிட்டுப் பார்த்தால், அதுவரை ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த அவள் சம்பளத்தின் ஒரு பங்கு மாதாமாதம் மிஞ்சியது. அது வங்கியில் சும்மா தூங்குவது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வயசான காலத்துல நாம யார் வாசல்லயும் போய் நிக்கக் கூடாதுங்க. இனிமே பணம்தான் நம்ம பிள்ளை. அதையாவது ஒழுங்கா வளப்போம்" என்றாள்.

"உன் இஷ்டம்" என்றான் அவன். அவன் அகராதியில் அதற்குச் சம்மதம் என்று பொருள். சமயத்தில் வேறு பொருளும் உண்டு என்பது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சில மாதங்கள் ஃபண்டு பார்த்தாள். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு குடைந்திருக்க மாட்டார்கள். அவள் தேடியது ஈ.டி.எஃப். சமாசாரம் ஒன்றும் பெரிய சிக்கல் இல்லை. சந்தையில் உள்ள பெரிய கம்பெனிகளைச் சேர்த்து ஒரு குறியீடு வைத்திருப்பார்கள். அந்தக் குறியீட்டை அப்படியே காப்பி அடித்து, அதிலுள்ள எல்லாக் கம்பெனிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்வதுதான் இந்த ஃபண்டின் வேலை. அதைப் பங்கு வாங்குகிற மாதிரியே யூனிட் யூனிட்டாகச் சந்தையில் வாங்கலாம். காப்பி அடிக்கப் பெரிய மூளை வேண்டாம் என்பதால் அவர்கள் எடுத்துக்கொள்கிற கூலியும் கொஞ்சம்தான். காப்பி சுத்தமாக இருக்கிறதா, எங்கேயாவது சாயம் மாறுகிறதா என்று பார்க்க ஷேடுக்காரிக்குச் சொல்லியா தர வேண்டும்?

கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு நின்றன. இரண்டும் ஒரே குறியீட்டைக் காப்பி அடிக்கிறவை. ஒன்றின் யூனிட் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. அதற்கு நெட்டையன் என்று பெயர் வைத்தாள். மற்றது மலிவாகக் கிடைத்தது. அது குட்டையன்.

"குட்டையனையே எடுத்துடலாமே. விலை கம்மி, நிறைய வரும்" என்றான் கணவன், மிக்ஸியைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு.

"ஐயோ, விலையில என்னங்க இருக்கு? ரெண்டும் ஒரே ரொட்டி. ஒருத்தன் நாலு துண்டா வெட்டி விக்கறான், இன்னொருத்தன் நாப்பது துண்டா வெட்டி விக்கறான். துண்டு சின்னதா இருந்தா ரொட்டி மலிவுன்னு ஆயிடுமா?"

"ஓ" என்று தலையாட்டினான். அவன் தலை ஆடினால் விஷயம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தமில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நெட்டையனை வைத்திருக்க ஆகும் வருஷச் செலவு குட்டையனைவிட ஒரு மயிரிழை குறைவாக இருந்தது. குறியீட்டை விட்டு அவன் விலகிப் போவதும் குறைவு. வாங்குகிறவர் கேட்கிற விலைக்கும் விற்கிறவர் சொல்கிற விலைக்கும் நடுவில் விழுகிற இடைவெளியும் சின்னது. இன்றைக்கு மயிரிழையாக இருப்பது இருபது வருஷத்தில் எவ்வளவு தடிமனாகும் என்று அவனை உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினாள். அன்றிலிருந்து நெட்டையன் "நம்ம பையன்" ஆனான். குட்டையன் பக்கத்து வீட்டுப் பையன்.

கணக்கு யார் பெயரில் என்ற பேச்சு வந்தது. அவனுக்கு ஏற்கெனவே சம்பளக் கணக்கோடு ஒட்டினாற்போல ஒரு பங்குக் கணக்கு இருந்தது. அவள் பெயரில் புதிதாக ஒன்று திறந்தால் வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் என்று ஒரு சில்லறைத் தொகை போகும். "ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு கணக்கு? அந்தச் செலவு மிச்சம்" என்று அவளேதான் சொன்னாள். மயிரிழையைத் துரத்தித் துரத்திப் பிடித்தவள் இந்த இடத்தில் வீட்டுக் கதவையே கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

போதாக்குறைக்கு ஒரு விதியும் போட்டாள். நீண்ட காலத்துக்குப் போட்ட பணத்தைத் தினமும் எட்டிப் பார்க்கிறவனுக்குக் கை சும்மா இருக்காது, விழுகிற அன்று பயந்து விற்றுவிடுவான் என்று எங்கேயோ படித்திருந்தாள். ஆகவே கணக்கை அவன் மட்டும் திறக்க வேண்டும், அதுவும் மாதம் ஒரு தடவை, வாங்குவதற்கு மட்டும். பாஸ்வேர்டு என்ன என்று அவள் கேட்க மாட்டாள். கேட்டாலும் அவன் சொல்லக் கூடாது. அந்த ஒரு விதியை மட்டும் அவன் கடைசிவரை தவறாமல் காப்பாற்றினான்.

சம்பளம் வந்ததும் அவள் பணத்தை அவன் கணக்குக்கு மாற்றிவிடுவாள். ஓரிரு நாளில் அவன், "இந்த மாசம் வாங்கியாச்சு" என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி மடித்துக்கொண்டே அவள் கேட்பாள், "நம்ம பையன் எப்படி இருக்கான்?" விலை ஊருக்கே தெரிகிற விஷயம், ஃபோனில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவன் பார்த்துச் சொல்வான். "நல்லாத் தேறிட்டான். பக்கத்து வீட்டுக்காரன் கொஞ்சம் பின்னாடிதான்." சந்தை சறுக்கிய வாரங்களில், "பையனுக்கு ஜுரம். சரியாயிடும்" என்பான். அவள் சிரிப்பாள். முதலில் வாராவாரம் குட்டையனோடு ஒப்பிட்டுப் பார்த்தவள், போகப் போக மாதம் ஒருமுறை, பிறகு தோன்றுகிறபோது என்று விட்டுவிட்டாள். வளர்ந்த பையனை எத்தனை நாள்தான் வேவு பார்ப்பது? அந்த வீட்டில் அந்தப் பேச்சுக்கு ஒரு ருசி இருந்தது. பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொள்கிற ருசி.

இதற்கு நடுவில் அவள் தங்கை.

தங்கை தையல் பட்டறை வைத்திருந்தாள். ஒரு தெருவின் முனையில், மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்கிற ஓர் அறை. ஆஸ்பத்திரிகளுக்குக் கோட்டும் திரைச்சீலையும் தைத்துக் கொடுப்பாள். நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து அறை காலியாகி, அதையும் சேர்த்து எடுத்தால் பெரிய ஆர்டர் பிடிக்கலாம் என்று அக்காவிடம் வந்து கேட்டாள். அக்கா தன் கணவனைக் கேட்டாள். "பையன் ஏறிட்டிருக்கற நேரம். இப்பப் போய்க் கை வெக்கலாமா? நீதானே சொன்னே" என்றான். ஆமாம், அவள்தான் சொல்லியிருந்தாள். அதையே போய்த் தங்கையிடம் சொன்னாள். "உன்கிட்ட இருக்கு, ஆனா எனக்கு இல்ல. அவ்ளோதானேக்கா" என்று தங்கை எழுந்து போனாள். அதன்பிறகு சாவு வீட்டில் பார்த்தால் பேசுவார்கள், அதோடு சரி.

இப்போது அந்தக் கட்டடத்தையே சொந்தக்காரர் விற்கப் போகிறார், பட்டறை இருக்கிற அறையை மட்டும் பிரித்துத் தங்கைக்குக் கொடுக்கத் தயார், வாரக் கடைசிக்குள் முன்பணம் தராவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான் என்று அக்காவின் காதுக்கு வந்தது. தங்கை கேட்கவில்லை. இவளே போனாள்.

"இந்தத் தடவ நானே தரேன்டி. பையன்ல அஞ்சுல ஒரு பங்க வித்தாப் போதும்."

"நிஜமாவா? மாமா ஒத்துக்குவாரா?"

"அவர் என்ன ஒத்துக்கறது? என் சம்பளம்" என்றாள் அக்கா. நாலு வருஷம் கழித்துத் தங்கை அவள் கையைப் பிடித்தாள். தையல்காரியின் கை, விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் இவளுக்குக் கண் கலங்கியது. சந்தோஷமாகத்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கணவனிடம் சொன்னாள். "அவசரப்படாத, பாக்கலாம்" என்றான். "பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லங்க. வியாழக்கிழமைக்குள்ள வித்துடுங்க, பணம் கைக்கு வர ரெண்டு நாள் ஆகும்" என்று முடித்துவிட்டாள். திங்கள், செவ்வாய், புதன் அவன் சாப்பிட்டதும் சரியில்லை, பேசினதும் சரியில்லை. வேலைப் பளு என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பேயறைந்த முகத்தோடு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

"போச்சு."

"என்ன போச்சு?"

"பையன் போயிட்டான். நெட்டையன். பத்துல ஒண்ணுதான் மிச்சம். நீயே பாரு."

அவன் நீட்டிய ஃபோனில் பார்த்தாள். நேற்று வரை நெஞ்சு நிமிர்த்தி நின்ற விலை இன்று பத்தில் ஒரு பங்காகக் கிடந்தது. எண்ணிலிருந்து ஒரு இலக்கத்தையே யாரோ பிய்த்துக்கொண்டு போனதுபோல இருந்தது. எட்டு வருஷம். பஸ்ஸில் தொங்கிப் போன நாட்கள், வாங்காமல் விட்ட சாமான்கள், பல்வலியைப் பொறுத்துக்கொண்ட மாதங்கள் எல்லாம் அவளைப் பார்த்து நின்றன. "தங்கச்சிகிட்ட எப்படிச் சொல்லுவேன்" என்றுதான் முதலில் வாயில் வந்தது. அவன் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "என்ன பண்றது, நம்ம தலையெழுத்து. இனிமே அதப் பாக்காத, பாத்தா தாங்க மாட்டே" என்றான். அவனும் அழுதான். அந்த அழுகைக்காக அவள் அவனைத்தான் தேற்றினாள். சந்தை விழுந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் வேலைக்குப் போனாள். போகாமல் வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது.

அவள் வேலை செய்கிற இடத்தில் ஒரு பெட்டி உண்டு. உள்ளே சாம்பல் நிறம், மேலே விளக்கு. இரண்டு சாம்பிளையும் அதற்குள் அருகருகே வைத்துத்தான் நிறம் பார்க்க வேண்டும். ஒரே ஒரு சாம்பிளைத் தனியாக வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் அந்தத் தொழிலில் அது பாவம். புதிதாக வருகிறவர்களை அவள் அதற்காகத்தான் அதிகம் திட்டுவாள். அன்று காலை ஏதோ நீலத்தை உள்ளே வைத்துவிட்டு, ஜோடி சாம்பிளை எடுக்க மறந்துபோய், வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்திலிருந்தவள், "என்னக்கா, ஒத்தையா வெச்சுப் பாக்கறீங்க?" என்றாள்.

கை அப்படியே நின்றது. நேற்று அவளும் ஒற்றையாகத்தான் பார்த்தாள்.

ஃபோனை எடுத்தாள். குட்டையனைப் பார்த்தாள். குட்டையன் ஜம்மென்று இருந்தான். நேற்றையதைவிட ஒரு துளி ஏறியிருந்தான். இரண்டும் ஒரே குறியீட்டின் காப்பி. பக்கத்து வீட்டுப் பையன் கல்லாட்டம் நிற்கும்போது நம்ம பையன் மட்டும் எப்படிச் செத்துப்போவான்? நெட்டையனை நடத்துகிற கம்பெனியின் அறிவிப்புகளைத் தேடினாள். மூன்றாவது வரியிலேயே இருந்தது. விலை அதிகமாக இருப்பதால் சின்ன முதலீட்டாளர்களால் வாங்க முடியவில்லை. ஆகவே நேற்று முதல் ஒவ்வொரு யூனிட்டும் பத்தாகப் பிரிக்கப்படுகிறது. விலை பத்தில் ஒன்று. ஆனால் வைத்திருப்பவர் கணக்கில் யூனிட் பத்து மடங்கு. ஒருவருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை.

வாய்விட்டுச் சிரித்தாள். ஆய்வகமே திரும்பிப் பார்த்தது. "அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்றார்கள். "எங்க வீட்டுக்காரருக்கு மூளை இல்ல, வேற ஒண்ணும் ஆகல" என்று சொல்லிவிட்டு அரை நாள் லீவு போட்டாள். ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகம் மலர்வதை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அவன் அன்று ஓர் அலுவலகக் கட்டடத்தில் இருந்தான். தரைத்தளத்தில் லிஃப்டின் கதவைத் திறந்து வைத்து, முன்னால் மஞ்சள் தடுப்பு போட்டு, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை மாட்டியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே படியேறிப் போனார்கள். அவள் தடுப்பு வரை ஓடினாள்.

"ஏங்க! பையன் சாகலங்க! ஒண்ணுமே ஆகல! யூனிட்டப் பத்தா வெட்டியிருக்காங்க, அவ்ளோதான். நூறு இருந்தா இப்ப ஆயிரம். நம்ம பணம் அப்படியே இருக்கு!"

அவன் முகத்தில் வர வேண்டியது வரவில்லை.

தொலைந்த பணம் கிடைத்துவிட்டது என்று கேட்டவன் முகம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இவன் முகம் அப்படி இல்லை. மாட்டிக்கொண்டவன் முகமாக இருந்தது. அவளுக்கு அப்போதும் உறைக்கவில்லை. புரியவில்லை போலிருக்கிறது என்று மறுபடி, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். அவன் பழைய துணியால் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"இன்னிக்கு ஒரு நாள் விதிய மீறலாம். ஃபோன எடுங்க, கணக்கத் திறங்க. இப்பவே வித்துடலாம், தங்கச்சி காத்துட்டிருப்பா."

"சார்ஜ் இல்ல."

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. இருவரும் அது ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அதுல ஒண்ணும் இல்ல" என்றான்.

"எதுல?"

"கணக்குல."

மேலே எந்த மாடியிலோ யாரோ பொறுமையில்லாமல் லிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். அவள் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் சொன்னான். முதல் சில மாதம் வாங்கியது உண்மை. அப்புறம் அண்ணன் வந்தான். அண்ணன் மகனுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம், ஒரே ஒரு தடவை, திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றான். இவன் வாங்கியதை விற்றுக் கொடுத்தான். அடுத்த மாதமும் வந்தான். அதற்கடுத்த மாதமும். பிறகு அண்ணன் கேட்காமலே மாதாமாதம் பணம் அங்கே போக ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் முடிந்து, பணம் கட்டி வாங்கிய கல்லூரி சீட்டில், பையன் இப்போது இன்ஜினியரிங் கடைசி வருஷம்.

"எட்டு வருஷமா பையன் ஏறினான், இறங்கினான், ஜுரம்னு சொன்னீங்களே?"

"விலையப் பாத்துத்தானே சொன்னேன். அது பொய் இல்லியே."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வெட்கம் இருந்திருந்தால் அவளால் கொஞ்சம் மூச்சு விட்டிருக்க முடியும். அவன் அதை ஒரு நியாயமாகவே சொன்னான்.

"அப்ப நேத்து அழுதது?"

"நிஜமாவே விழுந்துடுச்சுன்னுதான் நெனச்சேன்."

"இல்லாதது எப்படிங்க விழும்?"

நேற்று அவனுக்கு வந்தது அழுகை இல்லை, நிம்மதி என்று அவளுக்குப் புரிந்தது. இல்லாத பணத்தைக் கொன்று அடக்கம் செய்ய ஒரு வழி கிடைத்த நிம்மதி. அந்த முதுகைத்தான் அவள் தடவிக்கொடுத்திருக்கிறாள்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான். "நீ கொஞ்சம் யோசிச்சுப் பாரு. நாளைக்கு நாம படுத்துட்டா நெட்டையனா வந்து தூக்கி உக்கார வெப்பான்? அது வெறும் எண்ணு. இவன் ஆளு. நம்ம ரத்தம். நாளைக்கு நம்மளப் பாத்துக்குவான். நானும் நீண்ட காலத்துக்குத்தான் போட்டிருக்கேன்."

"உங்க ரத்தம். என் காசு" என்றாள். "அந்தப் பையனுக்காவது தெரியுமா, நான் குடுத்ததுன்னு?"

அவன் லிஃப்டின் உள்பக்கம் பார்த்தான்.

"அண்ணனுக்குன்னு ஒரு கௌரவம் இருக்குல்ல. தானே படிக்க வெக்கறேன்னு சொல்லியிருக்கான்."

"உங்களுக்கு யாரையும் 'முடியாது'ன்னு சொல்ல வாய் வராது. எல்லாருக்கும் 'சரி'ன்னு சொல்லிட்டு, எனக்கு மட்டும் தெரியாம எனக்கு 'முடியாது'ன்னுட்டீங்க. என் தங்கச்சி வந்து நின்னாளே, அன்னிக்காவது சொல்லியிருக்கலாமே. இல்லன்னா இல்லன்னு சொல்லியிருப்பேன். இருக்கு, தர மாட்டேன்னு என் வாயால சொல்ல வெச்சீங்களே!"

கத்தினாள் போலிருக்கிறது. படியில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். "மெதுவாப் பேசு, வேலை செய்யற இடம்" என்றான். அவன் பயந்தது அவளுக்கு அல்ல, அந்த அடையாள அட்டைக்காரர்களுக்கு. அவள் வெளியே வந்தாள்.

தங்கையின் பட்டறைக்குப் பஸ்ஸில் போனாள். வழியெல்லாம் உடம்பு தகித்தது. ஏமாற்றியது ஒரு கம்பெனியாக இருந்தால் புகார் கொடுக்கலாம். சந்தையாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கலாம். பக்கத்தில் படுத்து, தன் தட்டில் மிஞ்சியதைச் சாப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் தன்னைச் சிரிக்கவைத்தவனை எங்கே கொண்டுபோய்ப் புகார் கொடுப்பது? அந்தச் சிரிப்புகளையாவது திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா? எதுவும் முடியாது. ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. தங்கையிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். பணம் போனால் போகட்டும், தங்கையாவது திரும்பக் கிடைப்பாள். "நானும் ஏமாந்துட்டேன்டி" என்று சொன்னால் அவளுக்குப் புரியும். அந்த நினைப்பு ஒன்றுதான் அவளைப் பஸ்ஸில் நிமிர்ந்து உட்காரவைத்தது.

பட்டறையில் மெஷின் சத்தம் இல்லை. தங்கை ஒரு மெஷினின் தலையைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுவரில் மாட்டியிருந்த கோட்டுகள் எல்லாம் இறங்கி மூட்டையாகியிருந்தன.

"என்னடி இது? இன்னும் நாள் இருக்கே?"

"திங்கக்கிழமையே ஓனர்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன்க்கா. வேற யாரோ முன்பணம் குடுத்தாச்சு." தங்கை நிமிராமல் கயிற்றை இறுக்கினாள்.

"ஏன்? நான்தான் தரேன்னு சொன்னேனே!"

"அன்னிக்குக் காலையில மாமா வந்தாரு." தங்கையின் குரலில் கோபம் இல்லை. "நீ வாய் தவறிச் சொல்லிட்டியாம். வீட்டுக்கு வந்ததுலேர்ந்து சாப்பிடலையாம், பையன்ல கை வெக்கணுமேன்னு அழறியாம். 'அவளா வேணாம்னு சொல்ல மாட்டா, நீயே ஒதுங்கிடும்மா, நான் வந்தத மட்டும் சொல்லாத'ன்னாரு. கால்ல விழாத குறைதான். பாவமா இருந்துச்சு. விட்டுட்டேன்."

அவளுக்குத் திங்கள், செவ்வாய், புதன் அவன் சரியாகச் சாப்பிடாதது நினைவுக்கு வந்தது. வியாழக்கிழமை சாவுச் செய்தி அவனுக்குத் தானாக அமைந்தது. அதற்கு முன்பே அவன் அவளை இங்கே கொண்டுவந்து விற்றுவிட்டுப் போயிருக்கிறான்.

"அது பொய்டி" என்றாள். "பணமே இல்ல. ஒத்தக் காசு இல்ல. எட்டு வருஷமா வாங்கவே இல்ல அந்த மனுஷன். எல்லாத்தையும் அவங்க அண்ணன் பையன் படிப்புக்குக் குடுத்துட்டாரு. எனக்கே இப்பத்தான் தெரியும்."

தங்கை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள், சோர்ந்துபோன சிரிப்பு.

"அவங்க அண்ணன் ஊர் பூரா சொல்லிட்டிருக்காரு, வாயக் கட்டி வயித்தக் கட்டிப் படிக்க வெக்கறேன்னு. அத உன் காசுங்கற. காச மயிரிழை மயிரிழையா எண்ணறவ நீ. எட்டு வருஷம் உன்ன ஒருத்தர் ஏமாத்தினாராம், நான் நம்பணுமாம். போன தடவ 'ஏறிட்டிருக்கு, எடுக்க முடியாது'ன்னே. இந்தத் தடவ 'இல்லவே இல்ல'ங்கற. விடுக்கா. நான் கேக்கவே இல்லியே. எதுக்கு அந்த நல்ல மனுஷன் மேல பழியப் போடற?"

"இல்லடி, சத்தியமா..." என்று ஆரம்பித்தாள். லிஃப்ட் வாசலில் வராத அழுகை, பஸ்ஸில் வராத அழுகை எல்லாம் இங்கே, இந்தக் காலி அறையில், போர்வை சுற்றிய மெஷின்களுக்கு நடுவில், அடக்க அடக்கப் பீறிட்டுக்கொண்டு வந்தது.

தங்கை எழுந்து வந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"பாத்தியா, மாமா சொன்னது சரியாத்தான் இருக்கு" என்றாள். "அழாதக்கா. உன் பணம் உன்கிட்டயே இருக்கட்டும்."